அக்காவின்ர பிள்ளைக்கு 16 வயசு, வயித்தில அஞ்சு மாசம். கோயில்ல வைச்சுக் கட்டுவம் எண்டுகினம்

விசுவமடு சின்னம்மா கேட்டது:

மூண்டு நாளா எழுதி எழுதி அழிக்கிறன். இண்டைக்கு அழிக்காமல் போடப்போறன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அக்கா குவைத்தில வீட்டு வேலை. போய் ரண்டு வருசம் முடியப்போகுது. கிழமைக்குக் கிழமை கட்டுற லோனாலதான் போனவா. கோழிக்கூடு போட ஒரு லோன், அதைக் கட்டுறதுக்கு இன்னொரு லோன். பிள்ளை அம்மம்மாவோட, அதாவது எங்கட அம்மாவோட இருக்கிறாள். நான் ரண்டு வளவு தள்ளி இருக்கிறன். வீட்டில வைச்சுத் தையல். பள்ளிக்கூடச் சட்டை, சாமத்திய வீட்டுப் பாவாடை தாவணி, பிளவுஸ் எல்லாம் தைப்பன்.

போன கிழமை அவள் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து, "சின்னம்மா, இறுக்கமா இருக்கு, பக்கத்தைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்கோ" எண்டாள். நான் எல்லாருக்கும் அளவுக் கொப்பி வைச்சிருக்கிறன். தை மாசம் எழுதினதைப் பாத்தன், இடுப்பு 26. இழைப்பை (அளவு நாடாவை அம்மா அப்பிடித்தான் சொல்லுவா) சுத்தினன். 31. நான் ஒண்டும் கேக்கேல்லை. அவளும் ஒண்டும் சொல்லேல்லை. நாடா என்ர கையில, ரண்டு பேரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். பிறகு அவள் அப்பிடியே குந்தியிட்டாள். ஊரில எத்தினை தையல்காரர் இருக்கினம். என்னட்டைக் கொண்டுவந்தது சட்டைக்காகத்தானோ எண்டு இப்ப யோசிக்கிறன்.

அவளுக்கு ஆனியில 16 முடிஞ்சது. பதினோராம் ஆண்டு. மாசியில ஓ.எல். (சாதாரண தரச்) சோதினை. கணக்குப் பாத்தால் பிள்ளை தை கடைசியில பிறக்கும். பெடியனுக்கு 22, டிப்பரில மண் ஏத்துறவன், மல்லாவிப் பக்கம். ரியூசன் முடிஞ்சு வாற வழியில பழக்கமாம். அக்கா மாசாமாசம் வட்சப்பில பாத்துக் கதைக்க வேணும் எண்டு அனுப்பின போனிலதான் மிச்சக் கதையெல்லாம் நடந்திருக்கு. இதை அக்காவுக்கு எப்பிடிச் சொல்லுறது?

அம்மா முதல்ல அடிச்சா. பிறகு அழுதா. பின்னேரம் ஆக முதல் ஐயரிட்டை ஆள் போயிட்டுது. "ஊர் அறிய முதல் கழுத்தில ஒண்டு ஏறட்டும்" எண்டுறா. பெடியன் ஓடேல்லை. தாயோட வந்து எங்கட மாமரத்துக்குக் கீழ தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தான். தாய்தான் கதைச்சா. சீதனம் வேண்டாமாம், எழுத்தை (கலியாணப் பதிவை) பிறகு பாப்பமாம், இப்ப தாலியைக் கட்டி விடுவமாம். எங்கட பக்கம் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். எனக்கு மட்டும் நெஞ்சுக்கை ஏதோ செய்யுது.

ஏனெண்டால் எனக்கு இது ரண்டாந்தரம்.

2008 ஆவணி. எனக்கு 13, அக்காவுக்கு 16. இயக்கம் (புலிகள்) சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டுக்கொண்டிருந்த நேரம். கலியாணம் கட்டினாக்களை எடுக்க மாட்டினம் எண்டு ஒரு கதை. எங்கட வகுப்பு அக்காமார் ஒவ்வொருத்தரா நெத்தியில குங்குமத்தோட திரிஞ்சினம். அப்பா ஓடித்திரிஞ்சு ஒரு மாப்பிள்ளை பிடிச்சார், அத்தானுக்கு 21. இரவு, அரிக்கன் லாம்பு, சொந்தக்காரர் ஏழு பேர். மஞ்சள் கயித்தில மஞ்சள் துண்டு. எழுதேல்லை. எழுதவும் ஏலாது, வயசு இல்லை. பிறகு எழுதலாம் எண்டு அப்பவும் இதே வசனத்தைத்தான் சொன்னவை.

தை மாசம் வீட்டை விட்டு வெளிக்கிட்டம். உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், மாத்தளன். அத்தானைக் கடைசியாக் கண்டது வைகாசியில முள்ளிவாய்க்காலில. இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. இந்தப் பிள்ளை பிறந்தது ஆனியில, மெனிக் ஃபாம் அகதிக் காம்பில இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில. அவளின்ர பிறப்புப் பத்திரத்தில தகப்பன் பேர் எழுதுற இடத்தில ஒரு கோடு. பெற்றோர் விவாகம் செய்தவரா எண்ட கட்டத்தில இல்லை எண்டு கிடக்கு. முதலாம் ஆண்டு சேர்க்கேக்க அந்தக் கோடு. அடையாள அட்டைக்குப் போகேக்க அந்தக் கோடு. ஒவ்வொரு கந்தோரிலயும் அக்கா நிண்டு அதே கதையை முதல்ல இருந்து சொல்லுவா. நான் பக்கத்தில நிண்டு கேட்டிருக்கிறன்.

இப்ப இவளுக்கும் கயிறு, இவளின்ர பிள்ளைக்கும் கோடு எண்டால் எனக்குத் தாங்காது. ஆனா கட்ட வேண்டாம் எண்டு சொல்ல நான் ஆர்? என்ர மனுசன், "உன்ர பிள்ளை இல்லை, பாத்துக் கதை" எண்டுட்டார். பொலிசுக்குப் போனால் பெடியனைப் பிடிப்பினமோ? பிடிச்சால் இவளுக்கு ஆர்? பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவேணுமோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ, பிள்ளையை வேண்டாம்.


மிட்வைஃப் அன்ரி:

பிள்ளை, உன்ர எழுத்து முழுக்க வாசிச்சன். அதில ஐயர் இருக்கிறார், பொலிஸ் இருக்கு, எழுத்து இருக்கு, கோடு இருக்கு. கிளினிக்கை மட்டும் காணேல்லை. பதிஞ்சாச்சோ?

நான் 31 வருசம் குடும்பநல உத்தியோகத்தரா இருந்து போன வருசந்தான் ஓய்வு எடுத்தனான். எட்டு கிழமைக்கு முதல் பதியிறதுதான் முறை. உங்கட பிள்ளைக்கு அது எப்பவோ தாண்டியிட்டுது. அதுக்காக ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டினம். நாளைக்கே உங்கட பகுதி மிட்வைஃபிட்டைப் போ. கலியாண எழுத்துக் கேக்க மாட்டினம். அவவும் ஊர்க்காரிதானே, வெளியில கதைச்சிடுவா எண்டு பயப்பிடாதை. அப்பிடிக் கதைக்கிறவளுக்கு இந்த வேலை ஒரு வருசமும் நிலைக்காது.

ஏன் அவசரம் எண்டால், 16 வயசில உடம்பு இன்னும் வளருற உடம்பு. பிள்ளைக்கும் சத்து வேணும், தாய்க்கும் வேணும். எங்கட பெட்டையள் கனபேர் சாமத்தியப்பட்ட நாளில இருந்தே இரத்தம் குறைஞ்ச ஆக்கள். தேத்தண்ணியும் பணிசும் திண்டு பள்ளிக்கூடம் போற சாதி. இரத்தத்தில ஹீமோகுளோபின் 11க்குக் கீழ எண்டால் கர்ப்பிணிக்கு அது குறைவு. அதோட தலைப்பிள்ளை, சின்ன வயசு எண்டால் பிரசர் ஏறுற வாய்ப்புக் கூட. பிள்ளை மாசம் காணாமல் பிறக்கலாம், நிறை 2.5 கிலோவுக்குக் குறைவாப் பிறக்கலாம். இரும்புக் குளிசை, கல்சியம், பூச்சிக் குளிசை, திரிபோஷா (சத்துமா) எல்லாம் சும்மா தருவினம். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோட குடுக்காதை. தேசிக்காய்த் தண்ணியோட குடு.

ஒண்டு கண்ணால கண்டது. ஊர் பேர் வேண்டாம். 17 வயசுப் பிள்ளை. மானம் போயிடும் எண்டு எட்டு மாசம் அறைக்குள்ள வைச்சிருந்தவை. ஒரு மாரியிரவு தலையிடிக்குது, கண் தெரியேல்லை எண்டாளாம். வெறும் பித்தமெண்டு கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தவை. விடியக்காலமை வலிப்பு வந்து உழவுமெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு வந்தினம். தாயைக் காப்பாத்தினம். பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையை ஒரு நாள் பிரசர் பாத்திருந்தால் போதும். தலையிடி, கண் மங்கல், முகம் வீக்கம், மேல்வயித்து நோ, இரத்தம் படுறது, பிள்ளையின்ர துடிப்புக் குறையிறது, இதில ஒண்டைக் கண்டாலும் விடியட்டும் எண்டு பாக்காதை. 1990 அம்புலன்சுக்கு அடி, காசு இல்லை.

வேற ஆரும் வந்து, "ஒரு இடம் இருக்கு, அலுவலை முடிச்சு விடலாம்" எண்டு காதுக்குள்ள சொல்லுவினம். கட்டாயம் வருவினம். எங்கட சட்டத்தில தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டுந்தான் கருவைக் கலைக்க இடம் இருக்கு. அந்த இடங்களுக்குப் போய் வந்து கிருமி ஏறிக் கிடந்த ஆக்களை நான் வாட்டில பாத்தனான்.

கடைசியா, பெரிய விசயம். அவளைத் தனிய கூட்டிக்கொண்டு போய்க் கேள். பெடியன் வெருட்டினவனோ, அவளுக்கு விருப்பமோ, வேற ஆரும் சம்பந்தப்பட்டிருக்கினமோ. அம்மம்மா பக்கத்தில இருக்கேக்க கேக்காதை. "பழக்கம்" எண்டது நீங்கள் சொன்ன சொல்லு. அவளின்ர சொல்லு என்ன?


வவுனிக்குளத்தான்:

இதுக்கு ஏன் இவ்வளவு கதை. பெடியன் ஓடேல்லை, சீதனம் கேக்கேல்லை, தாய் வந்து பொம்பிளை கேட்டிட்டா. இந்தக் காலத்தில உப்பிடி ஒருத்தனைக் காட்டுங்கோ பாப்பம். பொலிசுக்குப் போனால் பெடியன் உள்ள, பிள்ளை பேப்பரில, குடும்பம் சந்தியில. என்ர ஆச்சி 14 வயசில கட்டி 9 பெத்து 88 வரைக்கும் இருந்தவ.


விசுவமடு சின்னம்மா:

அண்ணை, உங்கட ஆச்சி 9 பெத்ததில எத்தினை தப்பினது எண்டு கேட்டிருக்கிறியளோ?

அன்ரி, நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் சொன்ன அந்த ஆக்கள் ஏற்கெனவே வந்திட்டினம். நேற்று ஒருத்தி அம்மாவோட பின்வேலியில நிண்டு கதைச்சவ. நான் வந்ததும் கத்தரிக்காய் விலை கதைச்சவ.


பழைய பதிவாளர்:

நான் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக வேலை செய்தவன். மற்றவற்றை மற்றவர்கள் சொல்வார்கள், என் புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன் தங்கச்சி.

1995இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு விவாகத்துக்கு இரண்டு பேருக்கும் 18 முடிந்திருக்க வேண்டும். தாய் தகப்பன் சம்மதக் கடிதம் தந்தாலும் அதற்குக் குறைந்த வயதில் எழுத முடியாது. அந்த வயதில் கோயிலில் தாலி கட்டினாலும் அது சட்டத்துக்கு விவாகம் இல்லை. பலர் என்னிடம் வந்து, "ஐயா, ஒரு வயசு கூட்டிப் போடுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறார்கள். காம்புக் காலத்தில் பத்திரம் தொலைந்தவர்கள் உண்மையாகவே நிறையப் பேர் இருந்ததால் அந்தக் கதைக்கு ஒரு மவுசும் இருந்தது. போட்டிருந்தால் நான் இன்று இப்படி நிம்மதியாக இருந்து எழுத மாட்டேன்.

இனி உங்கள் கோடு. பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். விவாகம் இல்லாவிட்டால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, தகப்பன் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால்தான் அவர் பெயரை எழுதலாம். தாய் தனியே வந்து சொல்லும் பெயரைப் பதிவாளர் எழுத முடியாது. உங்கள் அக்காவுக்கு நடந்தது அதுதான். கையெழுத்து வைக்க ஆள் இல்லை. நானும் அப்படி எத்தனை கோடு இழுத்தேன் என்று எண்ணவில்லை. பின்னர் 18 ஆனதும் இருவரும் விரும்பி விவாகப் பதிவு செய்தால் பிள்ளையின் பிறப்பை மீளப் பதியலாம். ஆகவே பிள்ளையின் பெயருக்காக இப்போது தாலி கட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தாலி கட்டியும் அந்தக் கட்டம் நிரம்பாது.

தாபரிப்பும் அப்படித்தான். விவாகம் செய்யாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பன் செலவுக் காசு கொடுக்க வேண்டும், நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகப் பேசும்.

பொலிஸ் விடயம் கசப்பானது, ஆனாலும் மறைக்கக் கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அவள் சம்மதித்தாள் என்பது சட்டத்தில் எடுபடாது. உங்கள் பிள்ளைக்கு ஆனியில்தான் 16. மாதக் கணக்கை நீங்களே பாருங்கள். ஆஸ்பத்திரியிலும் அதே கணக்கைத்தான் பார்ப்பார்கள்.


பாலைப்பழம்:

அக்கா, உங்கட எழுத்தில அரிக்கன் லாம்பு வந்த இடத்தோட நான் போனைக் கவிட்டு வைச்சிட்டு வெளியில போய் நிண்டன்.

நானும் 2008. எனக்கு 15. எங்களுக்கு லாம்பு இல்லை, மெழுகுதிரி. சீலை மாமியின்ர, பிளவுஸ் பெரிசு, ஊசி குத்தி விட்டவை. மூண்டு மாசம் சீலையோடதான் திரிய வேணும் எண்டு அப்பா சொன்னவர். சட்டை போட்டால் சின்னப்பிள்ளை எண்டு தெரிஞ்சிடுமாம். கிணத்தடியில சீலை தடக்கி விழுந்து பல்லு உடைஞ்சது, இண்டைக்கும் உடைஞ்ச பல்லுத்தான்.

நான் என்ர அப்பாவை ஏசேல்லை. அப்ப அவருக்கு ரண்டு வழிதான் இருந்தது, ரண்டும் பிழை. ஆனா உங்கட அம்மாவுக்கு இப்ப ரண்டு வழி இல்லை, கனக்க வழி இருக்கு. அவவுக்கு அது தெரியேல்லை. அவ இன்னும் அந்த ஆவணி மாசத்திலதான் நிக்கிறா. குமர் எண்டால் ஒளிக்கிறது, கட்டுறது. இயக்கப் பொடியள் ஜீப்பில வந்த காலத்தில பழகின கை. நான் குற்றமாச் சொல்லேல்லை, எனக்கும் பயம் வந்தால் அந்தக் கைதான் முதல்ல வருது.

என்ர மனுசன் நல்ல மனுசன். மேசன் வேலை. குடிக்கிறேல்லை. அதிட்டம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். அதிட்டந்தான். என்னோட கட்டின நாலு பேரில ரண்டு பேரின்ர மாப்பிள்ளை இல்லை, ஒராளை விட்டிட்டுப் போயிட்டான், எழுத்து இல்லாததால கோட்டுக்கு (நீதிமன்றத்துக்கு) போகவும் அவள் பயப்பிட்டாள். நான் எனக்கு 27 ஆனபோது தனிப்பட்ட பரீட்சார்த்தியா ஓ.எல். எழுதினனான். மகன் அப்ப ஆறாம் ஆண்டு, அவன்தான் எனக்குப் பின்னம் சொல்லித் தந்தது. கணக்கு ரண்டுதரம் பெயில். மூண்டாந்தரம் சாதாரண சித்தி. இப்ப ஒரு முன்பள்ளியில இருக்கிறன்.

உங்கட பிள்ளையை 27 வரைக்கும் விடாதேங்கோ, அவ்வளவுதான். அதோட அக்காவுக்குச் சொல்லுங்கோ. ஒளிக்காதேங்கோ. குவைத்தில இருந்துகொண்டு அவவும் ஒவ்வொரு நாளும் இரவு ஏதோ பிழை எண்டு கனவு காணுவா. என்ர அம்மா அப்பிடித்தான் கண்டவ.


வெண்கட்டி:

நான் விஞ்ஞான ஆசிரியர், வன்னியில ஒரு பள்ளிக்கூடம். எழுதுறதுக்கு வெக்கமாக் கிடக்கு.

ஓ.எல். விஞ்ஞானத்தில இனப்பெருக்கம் பாடம் இருக்கு. 12 வருசமாப் படிப்பிக்கிறன். பூவின்ர மகரந்தம் வரைக்கும் விளக்கமா, படம் கீறி, எல்லாம் சரியாச் செய்வன். மனிதன் வந்தவுடன, "இது நீங்கள் வீட்டில வாசியுங்கோ, சோதினைக்குப் படம் மட்டும் வரும்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவன். பெடியள் சிரிப்பாங்கள், பெட்டையள் மேசையைப் பாப்பினம், எனக்கு வேர்க்கும். வீட்டில வாசிக்கச் சொன்னன். வீட்டில ஆர் இருக்கினம்? என்ர வகுப்பில 31 பேர், அதில 9 பேரின்ர தாய் வெளிநாடு.

போன வருசம் ஒரு பிள்ளை வராமல் விட்டிட்டாள். கெட்டிக்காரி. மூண்டாம் மாசம் வகுப்பில ஆரோ, "சேர், அவள் முழுகாமல் இருக்கிறாளாம்" எண்டாங்கள். நான் இடாப்பில கோடு போட்டிட்டன். வீட்டை போகேல்லை. போயிருக்க வேணும்.

சோதினைக்கு: பள்ளிக்கூடம் மூலமா விண்ணப்பம் போயிட்டுதோ எண்டு முதல்ல அதிபரைக் கேளுங்கோ. போயிருந்தால் அவள் அந்த இலக்கத்தில எழுதலாம், பள்ளிக்கு வராமல் விட்டதுக்காக அதை விட்டுக்குடுக்காதேங்கோ. இந்தமுறை ஏலாமல் போனால் அடுத்தமுறை தனிப்பட்ட பரீட்சார்த்தி. வகுப்புக் குறிப்பு நான் தரலாம், எந்தப் பள்ளியெண்டாலும் பாடத்திட்டம் ஒண்டுதானே. பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு அதிபரிட்டைப் போங்கோ. தனியப் போனால் நீங்கள் பெத்தார், அவரோட போனால் நீங்கள் ஒரு கோவை (ஃபைல்). அதிபர்மாருக்குக் கோவையில பயம்.


மிட்வைஃப் அன்ரி:

1929 எண்ட இலக்கத்தையும் எழுதி வை பிள்ளை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர. தமிழிலயும் கதைக்கலாம், இரவிலயும் எடுப்பினம்.


விசுவமடு சின்னம்மா:

16 நாளைக்குப் பிறகு வாறன். கேட்ட ஆக்களுக்கு மரியாதைக்காகவும் எழுதவேணும்.

கிளினிக்குக்குப் போனம். ஹீமோகுளோபின் 8.7. நிறை 41 கிலோ. மிட்வைஃப் ஒண்டும் ஏசேல்லை, கையைப் பிடிச்சு, "சாப்பிடுறியோ" எண்டு மட்டும் கேட்டா. அந்த ஒரு கேள்விக்கு இவள் அரை மணித்தியாலம் அழுதாள். ஸ்கான்ல 22 கிழமை எண்டு வந்தது. பதிவாளர் ஐயா, நீங்கள் சொன்ன கணக்குத்தான். பிறந்தநாளுக்கு முதல்.

அன்ரி கேக்கச் சொன்னதையும் கேட்டன். மிசினடியில வைச்சு, நூல் கோர்த்துக்கொண்டு, முகத்தைப் பாக்காமல். "வெருட்டேல்லை சின்னம்மா. ஆனா வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை" எண்டாள். அதுக்குப் பிறகு நான் ஒரு மணித்தியாலத்துக்கு ஊசியில நூல் ஏத்தேல்லை.

ஆஸ்பத்திரியில இருந்து விசயம் பொலிசுக்குப் போயிட்டுது. பெண்கள் சிறுவர் பிரிவில வாக்குமூலம், சட்ட வைத்திய அதிகாரி, கோட்டு. பெடியன் விளக்கமறியலில. தாய் போன வெள்ளிக்கிழமை எங்கட படலையில வந்து நிண்டு மண் அள்ளி எறிஞ்சா. "கட்டுறன் எண்டவனைப் பிடிச்சுக் குடுத்தனியள், நீங்கள் நல்லா இருப்பியளோ" எண்டு கத்தினா. எனக்குப் பதில் வரேல்லை. அவவுக்கும் ஒரே பெடியன். வவுனிக்குளத்து அண்ணை, நீங்கள் சொன்னதில அந்த ஒரு வரி சரி, சந்திக்குத்தான் வந்திருக்கிறம்.

அம்மா என்னோட கதைக்கிறேல்லை. பிள்ளையும் கதைக்கிறேல்லை. "நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனது" எண்டு ஒருநாள் சொன்னாள், அதோட சரி. ஆனா குளிசையைக் குடிக்கிறாள். வெறும் பெட்டியை எண்ணிப் பாத்தன்.

அக்காவுக்குச் சொன்னன். வட்சப்பில படம் வராமல் குரல் மட்டும். கன நேரம் ஒண்டும் கேக்கேல்லை, லைன் அறுந்திட்டுது எண்டு நினைச்சன். பிறகு, "கட்டிக் கிட்டி வைச்சிடாதேங்கோ" எண்டா. அவ்வளவுதான் சொன்னவ. ஒப்பந்தம் முடிய முதல் விடுவினமோ தெரியேல்லை, வேலை செய்யிற வீட்டு மேடத்தைக் கேட்டுப் பாக்கிறாவாம். ஐயருக்குக் குடுத்த முற்பணம் 3,000 திரும்பி வரேல்லை.

அதிபரிட்டை உத்தியோகத்தரோடதான் போனம், வெண்கட்டி சேர். கோவையைக் கண்டதும் கதிரை தந்தவர். சோதினைக்குப் பேர் போயிட்டுதாம். வகுப்புக்கு வாறது பற்றி, "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டார். இன்னும் யோசிக்கிறார்.

இண்டைக்குக் காலமை மிசினுக்கு மேல அவளின்ர வெள்ளைச் சட்டை மடிச்சுக் கிடந்தது. அளவுக் கொப்பியும் அவளின்ர பக்கத்தில திறந்து கிடந்தது. அவளைக் காணேல்லை. போனமுறை பிரிச்சதோட பக்கத் தையல்ல இனி இடமில்லை, துணி வைச்சுத்தான் கூட்டவேணும். புதுக்குடியிருப்பிலயோ கிளிநொச்சியிலயோ பழைய வெள்ளையோட நிறம் ஒத்துப்போற துணி எங்கை கிடைக்கும்? புதுத்துணி வைச்சால் ஒட்டுத் தெரியும். ஒரு மீற்றர் காணும்.